நாவலை வெட்டிவிட்டு பிளக்பெரி நடப்போகிறோமாம்!



முன்னேஸ்வரம், சிலாபம் பக்கத்து உறவுகளே, அயலவர்களே, பெற்றோர்களே,

பதிவு கொஞ்சம் நீளம். சிலருக்குக் கோபமும் வரலாம். முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள், தாங்கிக்கொள்கிறோம்.

போன வாரம் ஒரு பாடசாலையில் பெற்றோர் கூட்டம் நடந்தது. எந்தப் பாடசாலை என்று இங்கே எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களும் கொமன்டில் எழுத வேண்டாம். மதிலோரம் நிற்கும் நாவல் மரத்தை வெட்ட வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. பிள்ளைகளின் வெள்ளை யூனிஃபோமில் கறை படிகிறதாம். பழம் விழுந்து முற்றம் வழுக்குகிறதாம். இரவில் வௌவால் வருகிறதாம். மரத்தை எடுத்துவிட்டு இன்டர்லொக் கல் பதித்தால் "நீற்றாக" இருக்குமாம்.

இதுவரை பரவாயில்லை, எல்லா ஊரிலும் நடக்கும் கதைதான். பிறகு ஒருவர் எழும்பிச் சொன்னார்: "அந்த இடத்தில் பெரிய சாடிகள் வைத்து பிளக்பெரி நடுவோம். பேஸ்புக்கில் செடி விற்கிறார்கள். பிள்ளைகளுக்கும் புதுசாக இருக்கும்."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. தலையாட்டினார்கள். நாங்களும் அங்கே இருந்தோம். ஆசிரியர் என்ற பெயரோடு இருந்தோம். வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம்தான் இந்தப் பதிவு.

வாய் திறக்காததற்குக் காரணமும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னர் அதே பிளக்பெரிச் செடியை ஆசைப்பட்டு வாங்கி ஏமாந்தவர்கள் நாங்கள்.

போனில் படம் வந்தது. சாடி நிறையக் கறுப்புக் கறுப்பாய்ப் பழம். கீழே "இலங்கையின் எந்தக் காலநிலைக்கும் உகந்தது" என்ற வரி. இரண்டு செடி ஓடர் பண்ணினோம். கூரியரில் வந்தன. ஒன்று முதல் வெயிலிலேயே கருகிப்போனது. மற்றது நன்றாக வளர்ந்தது. வளர வளரத்தான் சந்தேகம் வந்தது. முள் இல்லை, கொடியாகப் படரவும் இல்லை, மரமாக நிமிர்ந்துகொண்டு போனது. கடைசியில் காய்த்தது. பார்த்தால் மல்பெரி! பட்டுப்பூச்சிக்கு இலை போடுவார்களே, அதே முசுக்கட்டை. விற்றவருக்கு மெசேஜ் போட்டோம். எங்களை புளொக் பண்ணிவிட்டார்.

பரவாயில்லை, மல்பெரியாவது கிடைத்தது. விதை பக்கெட் வாங்கியவர்களுக்கு அதுவும் இல்லை. நீலம், சிவப்பு, கறுப்பு என்று கலர் கலராகப் பெரி விதை விற்கிறார்கள். பிளக்பெரியை வீட்டில் விதை போட்டு வளர்ப்பது குளிர் நாடுகளிலேயே வழக்கமில்லை. விதை முளைக்க மாதக்கணக்கில் ஈரமும் குளிருமாக வைத்திருக்க வேண்டும். அங்கே தோட்டக்காரர்கள் கொடியின் நுனியை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விடச் செய்வார்கள், அல்லது வேர்த்துண்டை வெட்டி நடுவார்கள்.

கூட்டத்தில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறோம்.

பிளக்பெரியின் வேர் பல வருடம் வாழும். அதன் தண்டு இரண்டே வருடம்தான். முதல் வருடம் தண்டு வளரும். குளிர்காலத்தில் உறங்கும். இரண்டாம் வருடம் பூத்துக் காய்க்கும். காய்த்த தண்டு செத்துப்போகும், அதை அடியோடு வெட்டிவிட்டுப் புதுத் தண்டைக் கம்பியில் கட்டிவிட வேண்டும். பழம் முழுக் கறுப்பாகி, மினுமினுப்புப் போய், தொட்டால் கையோடு வரும்போதுதான் பறிக்க வேண்டும். பறித்த பிறகு இனிக்காது. முள்ளில்லாத இனங்கள் உண்டு. முதல் வருடத் தண்டிலேயே காய்க்கும் இனங்களையும் அமெரிக்காவின் ஆர்கன்சோ பல்கலைக்கழகத்தார் 2004இல் வெளியிட்டார்கள்.

இவ்வளவும் நல்ல விஷயம்தான். நடுவில் உள்ள "குளிர்காலத்தில் உறங்கும்" என்ற இடத்தில்தான் எங்கள் கதை முடிகிறது. பெரும்பாலான இனங்களுக்கு 7 பாகை செல்சியசுக்குக் கீழே 200 முதல் 900 மணித்தியாலம் வரை குளிர் வேண்டும். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் மொட்டு ஒழுங்காக விழிக்காது. எங்கள் கரையோரத்தில் 20 பாகைக்குக் கீழே இறங்கினாலே போர்வை தேடுகிறோம். 7 பாகை எங்கள் ஊரில் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது. செடியைப் பெட்டிக்குள் வைத்தா வளர்ப்பது?

"மெக்சிக்கோவில் வளர்கிறதே சேர்?" என்று யாராவது கேட்பீர்கள். வளர்கிறது. மிச்சோவகான் மாநிலத்தில் பெருமளவில் செய்கிறார்கள். அது கடற்கரை அல்ல, மேட்டு நிலம். அங்கும் செடி தானாக உறங்குவதில்லை. மருந்தடித்து இலையை உதிர்த்து, கொப்பை வெட்டி, வளர்ச்சி ஊக்கி தெளித்துச் செடியை ஏமாற்றிக் காய்க்க வைக்கிறார்கள். ஏற்றுமதிக்குச் செய்யும் பெரிய தோட்டத்துக்கு அது கட்டும். தரம் 5 பிள்ளை தண்ணீர் ஊற்றும் சாடிக்கு அது சரிவருமா?

எங்கள் நாட்டில் இந்த இனமே இல்லையா என்றால், இருக்கிறது. பிளக்பெரியின் உறவுக்கொடிகள் மலைநாட்டுக் காடுகளில் தாமாகவே வளர்கின்றன. நுவரெலியாப் பக்கம் இருப்பவர்கள் முயற்சி செய்யட்டும். எங்களுக்கு ஆட்சேபனை இல்லை.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய விதையை, தண்டைக் கள்ளமாகக் கொண்டுவந்து நடுவது விளையாட்டு அல்ல. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கட்டுநாயக்காவில் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் சும்மா இல்லை. அவுஸ்திரேலியாவுக்கு வெள்ளைக்காரர்கள் ஆசையாகக் கொண்டுபோன பிளக்பெரி இன்று அங்கே நாடளாவிய களை. மேய்ச்சல் நிலத்தையும் ஆற்றோரத்தையும் மூடிக்கொண்டு நிற்கிறது.

சரி, ஒரு செடி காய்க்காது என்று சொல்லவா இவ்வளவு நீளப் பதிவு? இல்லை. செடி காய்க்காவிட்டால் போகட்டும். அதற்காக வெட்டப்போகும் மரம்தான் விஷயம்.

லண்டனில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் ஓகஸ்ட் முடியும்போது படம் அனுப்புவார். பிள்ளைகள் ஐஸ்கிறீம் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பாதையோர முட்புதரில் பிளக்பெரி பறிக்கிறார்கள். கை முழுக்கக் கீறல், வாய் முழுக்க ஊதா. காசு கொடுத்து வாங்கியது அல்ல. யாரும் நடாமல் வேலியோரத்தில் தானாக வளர்ந்தது. போகிறவன் வருகிறவன் எல்லாம் பறித்துத் தின்பான். மிச்சம் குருவிக்கு.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குப் புரிந்தது. பிளக்பெரி அங்கே அவர்களுடைய நாவல்! பணக்காரப் பழம் அல்ல, பாதையோரப் பழம். அதே பழம் பிளாஸ்டிக் பெட்டியில் ஏறி, குளிரூட்டிய விமானத்தில் வந்து, கொழும்பு சுப்பர்மார்க்கெட் ராக்கையில் உட்கார்ந்ததும் எங்களுக்கு அது ராஜா ஆகிவிட்டது. எங்கள் பாதையோரத்தில் நிற்பது குப்பை ஆகிவிட்டது.

நாவல் ஏன் சுப்பர்மார்க்கெட்டுக்கு வருவதில்லை என்று யோசித்திருக்கிறோமா? ருசி இல்லாததால் அல்ல. தோல் மெல்லியது. மரத்திலேயே பழுக்க வேண்டும். விழுந்தால் நசியும். இரண்டு நாள் வைத்தால் புளிக்கும். லொறி ஏற மாட்டாத பழம். அதனால் வியாபாரிக்கு அதில் இலாபம் இல்லை, விளம்பரமும் இல்லை. மரத்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் நாங்கள். எங்களுக்கென்றே வைத்த பழத்தை, விலை போகாத பழம் என்று சொல்லி வெட்டுகிறோம்.

இந்தத் துணைக்கண்டத்துக்கே ஒரு காலத்தில் நாவலந்தீவு என்று பெயர். ஔவையாரிடம் சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்ட கதையும் நாவல் மரத்தில்தான். கோயிலடித் தமிழ்ப் பிள்ளைகள் அந்தக் கதையைச் சொல்வார்கள். சிங்களப் பிள்ளைகள் "மாதங்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். நாங்கள் மதரஸா விட்டுத் தொப்பியோடு ஓடுவோம். மூன்று பேரும் ஒரே மரத்தடியில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுவிட்டு, யாருடைய நாக்கு கூட ஊதா என்று நீட்டிக் காட்டுவோம். அந்த நாக்கில் மதம் தெரியவில்லை. இன்று அந்தப் பிள்ளைகள் சந்திக்கும் இடம் எது? டியூஷன் வகுப்பும் தனித்தனி, விளையாட்டு மைதானமும் தனித்தனி.

அண்மையில் வகுப்பில் ஒரு சின்ன வேலை செய்தோம். பிளக்பெரிப் படம் காட்டினோம். அநேகமாக எல்லாக் கையும் உயர்ந்தது. கார்ட்டூனில் பார்த்தது, ஜேம் போத்தலில் பார்த்தது. பிறகு ஒரு நாவல் கிளையை, இலையும் காயுமாக, மேசையில் வைத்தோம். ஐந்தாறு கைதான் உயர்ந்தது. ஒரு பிள்ளை "ஒலிவ் காயா சேர்?" என்று கேட்டது. அந்தப் பிள்ளை தினமும் புத்தகப்பையை வைப்பது அதே மரத்தடியில்.

பிள்ளையில் குற்றம் இல்லை. பெயர் சொல்லிக்கொடுக்காதது நாங்கள். கலாசாலையில் எங்களுக்குச் சுற்றாடல் பாடம் நடத்தத்தான் பழக்கினார்கள். நாங்களோ கதவைச் சாத்திவிட்டுப் படத்தைக் காட்டி சுற்றாடல் நடத்துகிறோம்.

2022ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? அதற்கு முந்திய வருடம் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினார்கள். பிறகு டொலர் இல்லை, பெற்றோல் இல்லை, காஸ் இல்லை. அந்த ஜூன் மாதம் அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்றது அமைச்சரவை. எல்லோரும் மண்வெட்டி தேடினோம். பாத்தி கட்டினோம், போட்டோ போட்டோம். அப்போது உண்மையில் எங்கள் சட்டிக்கு வந்தது எது? புதிதாக நட்ட கரட் அல்ல. உம்மும்மா காலத்தில் நட்ட முருங்கையும், பலாவும், ஈரப்பலாவும், வேலியோரத்து வல்லாரையும்தான். பிள்ளைகளின் பழம் என்று வந்தது கொய்யாவும் நாவலும்தான். அந்தக் கஷ்டம் தீர்ந்ததும் முதல் வேலையாகப் பாத்தியை மூடி இன்டர்லொக் கல் பதித்தோம். நன்றி கெட்டவர்கள் நாங்கள்.

பாணந்துறையில் ஆதர் வி. டயஸ் என்று ஒருவர் இருந்தார். 1915 கலவர காலத்தில் சிறைக்குப் போனவர். பிறகு நாடு முழுக்கப் பலா நடச் சொல்லி இயக்கமே நடத்தினார். "கொஸ் மாமா" என்றே பெயர் நின்றுவிட்டது. அவர் போய்ப் பல காலம். பலா இன்றும் சோறு போடுகிறது. எங்கள் மார்க்கமும் இதைத்தானே சொல்கிறது? ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதன் தின்றாலும், பறவை தின்றாலும், மிருகம் தின்றாலும் நட்டவனுக்கு அது ஸதகா என்று ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! கேட்டுவிட்டு வந்து, வௌவால் தின்கிறது என்று மரத்தை வெட்டப் பெட்டிஷன் எழுதுகிறோம்.

இப்போது ஆட்சேபனைகளுக்கு வருவோம்.

யூனிஃபோமில் கறை. உண்மைதான், நாவல் கறை லேசில் போகாது. கழுவும் உம்மாமாரின் கஷ்டம் எங்களுக்கும் தெரியும். பழக்காலம் ஒரு சில வாரம். அந்த வாரங்களில் மரத்தடியைக் கயிறு கட்டி அடைக்கலாம். இடைவேளைக்கு வேறு பக்கம் விடலாம். சில வாரக் கறைக்காக ஐம்பது வருட நிழலை வெட்டுவது எந்தக் கணக்கு? கணித ஆசிரியர்கள் சொல்லட்டும்.

வழுக்கும். பெருக்கினால் வழுக்காது. காலையில் ஒரு படங்கு விரித்து, கொக்கத்தடியால் கொப்பை உலுக்கி, பழத்தை வாளியில் அள்ளினால் முற்றமும் சுத்தம், பழமும் சுத்தம். அறுவடை என்பது அவ்வளவுதான். தரம் 10 பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் முடிப்பார்கள்.

கூரை உடையும். கூரைக்கு மேலே போகும் கொப்பை வெட்டுங்கள், நாங்களே ஏணி பிடிக்கிறோம். அடிமரம் கோறையாகி விழும் நிலையில் இருந்தால் முழு மரத்தையும் வெட்டுங்கள். பிள்ளையின் தலையைவிட மரம் பெரிதல்ல. அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவரைக் கூட்டி வந்து பாருங்கள். கூட்டத்தில் ஒருவரும் மரத்தைப் பார்க்கப் போகவே இல்லை, கறையைப் பற்றித்தான் பேசினார்கள்.

டெங்கு. நுளம்பு பெருகுவது மரத்தில் அல்ல, எறிந்த யோகட் கப்பிலும், தேங்காய்ச் சிரட்டையிலும், சாடிக்கு அடியில் வைக்கும் தட்டிலும்தான். சரியாகச் சொன்னால், வாங்கப்போகும் பிளக்பெரிச் சாடிதான் ஆபத்து!

இன்னொரு வேடிக்கை. மரத்தை வெட்டச் சொன்னவர்களிலேயே சிலர் சீனி வியாதிக்கென்று நாவல் கொட்டைத் தூளை டவுனில் பக்கெட் பக்கெட்டாக வாங்குகிறார்கள். தூளை நம்பி கிளினிக் மருந்தை நிறுத்த வேண்டாம், அது வேறு விஷயம். மரம் வேண்டாம், மரத்தின் தூள் மட்டும் வேண்டும் என்பது என்ன நியாயம்?

திட்டிவிட்டு மட்டும் போகமாட்டோம். வளவில் கறுப்புப் பழம் வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. அதற்கு எங்கள் மண்ணிலேயே மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, மல்பெரி. 10 பேர்ச் காணிக்கும், பெரிய சாடிக்கும் பொருந்தும். பென்சில் தடிப்பில், முக்கால் அடி நீளத்தில், மூன்று நான்கு கணு உள்ள தண்டை வெட்டுங்கள். மணலும் தும்புத்தூளும் கலந்து நிழலில் ஊன்றுங்கள். ஈரம் காயவிடாதீர்கள். வேர் விட்டதும் வெயிலுக்கு மாற்றுங்கள். காய்த்து முடிந்ததும் கொப்பை வெட்டி இலையை உருவிவிட்டால் புதுத் துளிரோடு மறுபடி பிஞ்சு வரும். சிவப்பில் பறித்தால் புளிக்கும். கறுத்து, தொட்டதும் விழும்போது பறியுங்கள். எங்கள் வீட்டில் இருக்கும் ஏமாற்று "பிளக்பெரி"யிலிருந்து தண்டு வெட்டித் தருகிறோம். காசு வேண்டாம்.

இரண்டு, கிளா. வேலிக்கு. முள் இருக்கிறது, ஆடு மாடு வராது. மணலும் வரட்சியும் தாங்கும். காய் ஊறுகாய்க்கு, கறுத்த பழம் பிள்ளைகளின் வாய்க்கு. முள்ளோடு கறுப்புப் பழம் வேண்டும் என்று பிளக்பெரி தேடுபவர்களுக்கு இதைவிட நெருங்கிய செடி எங்கள் கரையில் வேறு எது?

மூன்று, நாவல். இடம் உள்ளவர்களுக்கும், பள்ளிவாசலுக்கும், பாடசாலைக்கும். புதுக் கொட்டையாக இருக்க வேண்டும். இரண்டு வாரம் போனால் முளைப்பது குறைந்துவிடும். தின்ற அன்றே ஊன்றுங்கள். ஒரு கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும், பலமானதை விட்டு மற்றதை எடுங்கள். கிணற்றுக்கும் சுவருக்கும் கிட்ட நடாதீர்கள், இருபத்தைந்து முப்பது அடி தள்ளி நடுங்கள். கொட்டைக் கன்று காய்க்க எட்டுப் பத்து வருடம் செல்லும். ஒட்டுக் கன்று அதைவிடச் சீக்கிரம் காய்க்கும். சின்னதிலேயே நுனியைக் கிள்ளி அகலமாக வளர்த்தால் கொக்கத்தடிக்கு எட்டும் உயரத்தில் நிற்கும். பள்ளிவாசலில் வுழூ செய்யும் தண்ணீர் கானுக்குத்தானே போகிறது? ஒரு சிறிய வாய்க்கால் வெட்டிக் கன்றுக்கு விடுங்கள்.

எட்டுப் பத்து வருடமா என்று முகம் சுளிக்க வேண்டாம். அதைத்தான் சொல்ல வருகிறோம். வெட்டுவதற்கு ஒரு காலை போதும். பதிலுக்கு நட்டது காய்க்கும்போது இன்று முதலாம் தரத்தில் இருக்கும் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும். ஒரு தலைமுறைப் பாடசாலைக் காலம் முழுதும் நிழலும் பழமும் இல்லாமல் போகும். அந்தக் கடனை அடைக்க எந்த ஒன்லைன் கடையிலும் செடி இல்லை.

அடுத்த கூட்டம் விரைவில் வருகிறது. தீர்மானத்தில் கையொப்பம் இன்னும் வைக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நாங்கள் எழும்பிப் பேசப்போகிறோம், இன்ஷா அல்லாஹ். போன தடவை போல வாய் மூடி இருக்க மாட்டோம். பெற்றோர்களிடம் கேட்பது மூன்றே விஷயம். கையொப்பம் வைக்கும் முன்னர் ஒரு தடவை மரத்தடிக்குப் போய் மேலே பாருங்கள். உங்கள் பிள்ளையிடம் அந்த மரத்தின் பெயரைக் கேளுங்கள். பிள்ளைக்குத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டியது பிள்ளையா நாங்களா என்று யோசியுங்கள்.

இந்தப் பதிவை ஷெயார் பண்ணாவிட்டாலும் பரவாயில்லை. பழக்காலத்தில் ஒரு கொட்டையைத் துப்பாமல் மண்ணில் ஊன்றுங்கள். மல்பெரித் தண்டு வேண்டியவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். மரம் வேண்டாம் என்பவர்கள் கூட்டத்துக்கு வாருங்கள், முகத்துக்கு நேரே பேசுவோம்.

வஸ்ஸலாம்.